போனில் பேச வராத விஷயம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் என்றால் நான் ஒன்று சொல்வேன், நீ ஒன்று சொல்வாய், அம்மா நடுவில் போனை வாங்கி வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். அதனால்தான் கடிதம். கடைசி வரை படி.

வேலையில் உனக்குப் பெரிய பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். நம் குடும்பத்தில் யாரும் எட்டாத இடம். ஆனால் அதைச் சொல்லக்கூட நீ வீடியோவில் முகம் காட்டவில்லை. எட்டு மணிக்கு மேல் போனை எடுப்பதே இல்லை. தப்பித்தவறி எடுத்த அன்று, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அம்மா அழுதாள். சின்னவன் கல்யாணத்தில் நடந்ததைப் பற்றி நான் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. பெரியப்பாவைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எனக்கு விளக்க வேண்டாம்.

விசாரித்துத் தெரிந்துகொண்டதை மட்டும் எழுதுகிறேன். குடியை விட நினைப்பவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய். 1935-இல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை சிகிச்சை டாக்டரும் சேர்ந்து ஆரம்பித்தது. இரண்டு பேருமே குடியை விட முடியாமல் தவித்தவர்கள். படிப்புக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை என்பதற்காகச் சொல்கிறேன். சேர ஒரே ஒரு தகுதிதான்: நிறுத்த வேண்டும் என்ற ஆசை. கட்டணம் கிடையாது. முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. பேச விருப்பமில்லை என்றால் "இன்றைக்கு மற்றவர்கள் பேசுவதைக் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்காரலாம்.

அட்டவணையில் திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று போட்டிருப்பார்கள். மூடியது குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். திறந்ததற்கு யாரும் போகலாம். நான் போனேன். ஆமாம், நான்தான். வாசலில் ஒருவர் கைகொடுத்து, உங்களுக்காகவா வந்தீர்கள் என்று கேட்டார். பிள்ளைக்காக என்றேன். எந்தப் பிள்ளை, என்ன செய்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியைக் காட்டினார். நான் ஏதோ துக்க வீடு மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போயிருந்தேன். அவர்கள் சிரிக்கிறார்கள், பாப்பா. தாங்கள் பாட்டிலை ஒளித்து வைத்த இடங்களைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை. உன் பெயரையும் அங்கே நான் சொல்லவில்லை.

முதலில் போகிற கூட்டம் பிடிக்காமல் போகலாம். ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாம் இப்படித்தான் என்று முடிவு கட்டாதே, பாட்டு கிளாஸை விட்ட மாதிரி. பெண்களுக்கு மட்டும் நடக்கும் கூட்டங்கள் உண்டு. 'விமன் ஃபார் சோப்ரைட்டி' என்று பெண்களுக்காகவே 1975-இல் தொடங்கிய அமைப்பும் இருக்கிறது. சாமி என்றாலே நீ எழுந்து போய்விடுவாய் என்று தெரியும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் வகுத்திருக்கும் 12 படிகளில் கடவுள் வருகிறார்தான், ஆனால் அவரவர் புரிந்துகொண்டபடி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதுவும் வேண்டாம் என்றால் 'ஸ்மார்ட் ரிக்கவரி' இருக்கிறது, கடவுள் பேச்சே இல்லாமல் மனப்பழக்கத்தை மாற்றும் பயிற்சி. வெளியே போகக் கூச்சமாக இருந்தால் ஆன்லைனில் நடு ராத்திரியிலும் ஏதாவது ஒரு கூட்டம் நடந்துகொண்டிருக்கும். எட்டு மணிக்கு மேலும்தான். என்னிடம் காட்டாத முகத்தை அங்கேயும் காட்ட வேண்டாம், கேமராவை அணைத்துவிட்டுக் கேள்.

ஆனால் ஒன்று. இந்தக் கடிதத்தைப் படித்த வேகத்தில் இன்று இரவே ஒரேயடியாக நிறுத்திவிடாதே. நீ பிடிவாதக்காரி, செய்வாய். தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்புகூட வரலாம். அதற்குப் பிறகு சிலருக்குப் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும். உயிருக்கே ஆபத்து. பெரியப்பாவை ஆஸ்பத்திரியில் கட்டிப்போட்டது ஞாபகம் இருக்கிறதா? அதுதான் அது. நமக்கு அன்று தெரியவில்லை. அதனால் முதலில் டாக்டர். எவ்வளவு என்று அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல், எங்களிடம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. மாத்திரை கொடுத்துப் பத்திரமாக நிறுத்த வழி இருக்கிறது. கூட்டத்துக்கு நீ குடியை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும் என்றில்லை. டாக்டரைப் பார், கூட்டத்துக்கும் போ. தனியாக வீட்டில் உட்கார்ந்து நிறுத்தாதே.

குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் 1951-லிருந்து இருக்கிறதாம், அந்தப் பங்குத் தரகரின் மனைவியும் இன்னொரு பெண்ணும் ஆரம்பித்தது. பிள்ளைகளைத் துரத்தித் துரத்திப் புத்தி சொல்வதை நிறுத்த அங்கே கற்றுக்கொள்ளலாமாம். இந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போகலாம் என்றிருக்கிறேன், போட்ட பிறகு என்றால் பாதகமில்லை.

நீ எந்தக் கூட்டத்துக்குப் போனாய் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். டாக்டரைப் பார்த்தேன் என்று மட்டும் ஒரு வரி அனுப்பு.

சித்தி போன் பண்ணினால் எடு. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அப்பா