சமைக்கிறவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இதயச் செயலிழப்புக்கு (ரத்தத்தை இறைக்க இதயத்துக்குத் தெம்பு போதாத நிலை) சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்கள், கொஞ்ச நாளிலேயே மூச்சுத்திணறலோடு மறுபடி வார்டுக்கு வந்துவிடுகிறார்கள் என்று மருத்துவர்கள் கவலைப்படுகிறார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் விளக்கம் யாரிடம் சொல்லப்படுகிறது என்பதையும் அவர்கள் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் விஷயத்தில் அது விடுப்பு எடுத்து வந்த மகன். அவனுக்கு வெந்நீர் வைக்கத் தெரியும், அவ்வளவுதான். "உப்பு, தண்ணி ரெண்டையும் குறைக்கணுமாம்" என்று ஒரு தாளை என் கையில் கொடுத்தான். அதில் சோயா சாஸ், நூடல்ஸ், மீன் உருண்டை சூப் படங்கள். எங்கள் வீட்டில் உப்பு வருவதோ நார்த்தங்காய் ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், கருவாட்டுக் குழம்பு வழியாக!

அப்புறம் பலதுறை மருந்தகத்தில் ஒரு தாதிதான், "ரசம் எத்தனை கிண்ணம் குடிப்பாரும்மா?" என்று கேட்டார். மருத்துவர் இவருக்குச் சொன்ன ஒன்றரை லிட்டரில் ரசம், மோர், தேத்தண்ணி, கஞ்சி எல்லாம் அடக்கமாம். தினமும் காலையில் சிறுநீர் கழித்த கையோடு, பசியாறுவதற்கு முன் எடை பார்த்து எழுதி வைக்கச் சொன்னார். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, உடம்பில் தேங்கும் நீர். மூச்சு வாங்கும்வரை காத்திருக்காமல் உடனே அழைக்க வேண்டும். படுக்கும்போது தலையணை கூடுதலாகக் கேட்டாலும் அப்படித்தான்.

கடையில் உப்புக்கு மாற்றாக விற்கும் பொட்டாசியம் உப்பையும் வாங்கக் கூடாதாம். இவர் சாப்பிடும் மாத்திரைகளோடு சேர்ந்து ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். முட்டிவலிக்கு வாங்கிப் போடும் ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகள் நீரைத் தேக்குமாம். இதெல்லாம் எனக்கல்லவா முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்?

எங்கள் புளோக்கில் பல வீடுகளில் சமைப்பதும் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் பணிப்பெண்தான். அவரை யாரும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போவதில்லை.

ஆகவே மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள்: "வீட்டில் யார் சமைக்கிறார், மாத்திரை யார் கொடுக்கிறார்?" என்று கேட்டு, அவரிடமே விளக்குங்கள். வர முடியாதவரைக் கைப்பேசியில் காணொளி வழியாகக் கூப்பிடலாம், பத்து நிமிடம் போதும். கையெழுத்தை மகன் போட்டுக்கொள்ளட்டும்.

வாசகி ஒருவர்,
ஈசூன், சிங்கப்பூர்