செயலாளர் ஆண்டறிக்கை: முக்திநாத் நெடும்பயணமும் நேபாள ரைடர்களின் உபசரிப்பும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பேரவைக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் வணக்கம்.

சேலத்தை மையமாகக் கொண்டு இயங்கும் நம் மோட்டார் சைக்கிள் நெடும்பயணச் சங்கத்தின் மாதக் கூட்டங்களும், அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரையுள்ள 20 கொண்டை ஊசி வளைவுகளில் புதிய உறுப்பினர்களுக்கு அளிக்கப்படும் மலைப்பாதைப் பயிற்சியும் இவ்வாண்டும் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். எனவே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை, நம் உறுப்பினர்கள் நேபாளம் சென்று, இமயமலையிலுள்ள திருமால் தலமாகிய முக்திநாத் வரை ஏறித் திரும்பிய பயணத்துக்கும், அந்நாட்டு ரைடர்கள் நமக்குச் செய்த உதவிகளுக்கும் ஒதுக்குகிறேன்.

நாக்பூர், ஜபல்பூர், கோரக்பூர் வழியாகச் சுனௌலி எல்லையை அடைந்தோம். இந்தியர்களுக்கு நேபாளத்தில் விசா தேவையில்லை என்றாலும், வண்டிக்கு நாள் கணக்கில் கட்டணம் செலுத்தி அங்குள்ள சுங்க அலுவலகத்தில் பன்சார் எனப்படும் தற்காலிக வாகன அனுமதிச் சீட்டு பெற்றாக வேண்டும். புட்வல் நகரைச் சேர்ந்த ரைடர் ஒருவர் காலையிலேயே எல்லைக்கு வந்து காத்திருந்து, எந்த வரிசையில் நிற்பது, எத்தனை நாளுக்குச் சீட்டு எழுதிக் கொள்வது என்பதையெல்லாம் சொல்லி, சிம் கார்டு வாங்குவது வரை உடனிருந்தார். புட்வலைத் தாண்டியதும் மலையிலிருந்து அடிக்கடி கல் சரியும் சித்தபாபா பகுதி வருகிறது. அவ்விடத்தில் படம் எடுக்க யாரும் நிற்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அவரே முன்னால் ஓட்டிச் சென்று எங்களைப் பத்திரமாக அப்பகுதியைக் கடக்க வைத்தார். தான்சேனில் இன்னொருவர் எங்களை ஏற்றுக்கொண்டார். அவர் பொக்காரா நண்பர்களிடம் ஒப்படைத்தார். ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் பொறுப்பு, அடுத்த ஊர்க்காரருக்கு முன்கூட்டியே ஒரு தொலைபேசி அழைப்பு என்ற இந்த ஏற்பாடுதான் பயணம் முழுவதும் எங்களைத் தாங்கியது.

நாங்கள் பொக்காரா சேர்ந்தது தசைன் திருவிழாவின் நடுவில். நேபாளத்தில் அதைவிடப் பெரிய பண்டிகை இல்லை; அலுவலகங்களும் கடைகளும் மூடியிருக்கும், வெளியூரில் இருப்பவர்கள் எல்லாம் வீடு திரும்பும் நாட்கள் அவை. அப்படியிருந்தும், முக்திநாத் போகத் தேவையான அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதி அனுமதிச் சீட்டுகளைப் பொக்காரா நண்பர்கள் விடுமுறைக்கு முன்பே எடுத்து வைத்திருந்தார்கள். நம் ஆயுத பூஜை நாளாகிய நவமியன்று அவர்களும் வாகனங்களுக்குப் பூஜை செய்கிறார்கள். தங்கள் வண்டிகளோடு எங்கள் வண்டிகளையும் கழுவித் துடைத்து ஒரே வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் மாலை போட்டார்கள். மறுநாள் நாங்கள் தங்கியிருந்த வீட்டுப் பாட்டியம்மா, அரிசியும் தயிரும் சிவப்புப் பொடியும் குழைத்த டிகாவைத் தம் பேரப்பிள்ளைகளுக்கு இட்ட அதே கையால் எங்கள் நெற்றியிலும் இட்டு, நம் முளைப்பாரியைப் போல வீட்டுக்குள்ளேயே வளர்த்த ஜமரா நாற்றைக் காதோரம் செருகி ஆசி கூறினார். நம் மகளிர் உறுப்பினர்களுக்கு வீட்டின் உள்ளறையை ஒழித்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரர்கள் கூடத்தில் படுத்துக் கொண்டார்கள்.

விருந்தைவிடவும் பெரிதாக நான் மதிப்பது அவர்கள் தந்த தகவலையும் பட்டறையையும்தான். நம் உறுப்பினர் ஒருவரின் பழைய கார்புரேட்டர் புல்லட், மேடு ஏறும்போது கரும்புகை விட்டுத் திணறியது. முக்திநாத் 3,700 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், சேலத்துக்குச் சரியாக இருந்த பெட்ரோல் அளவு அங்கே மிகையாகிவிடும். பண்டிகை நாளில் மூடிக் கிடந்த தம் பட்டறையின் ஷட்டரை எங்களுக்காகத் தூக்கிய மெக்கானிக், கறுத்திருந்த பிளக்கைக் கழற்றிப் பார்த்த உடனேயே காரணத்தைச் சொல்லி, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் செல்லும் துளையுள்ள மெயின் ஜெட்டைக் கழற்றிச் சிறிய துளையுள்ள வேறொன்றை மாட்டினார். கழற்றிய ஜெட்டைத் தாளில் மடித்து டூல் பைக்குள் வைத்து, சமவெளிக்கு இறங்கியதும் மறக்காமல் இதையே மாட்டுங்கள், இல்லையென்றால் எஞ்சின் சூடேறிவிடும் என்று இரண்டு முறை சொன்னார். உதிரிப் பாகத்தின் விலையைத் தவிர ஒரு ரூபாயும் வாங்க மறுத்துவிட்டார்.

முக்திநாத் போகும் வழியிலுள்ள காலி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கின் காற்றைப் பற்றியும் அவர்களே எச்சரித்தார்கள். பகல் வெயிலில் முஸ்தாங் மேட்டுநிலம் சூடேற ஏற, தௌலகிரி, அன்னபூர்ணா சிகரங்களுக்கு இடையிலுள்ள அந்தக் குறுகிய பள்ளத்தாக்கு வழியே தெற்கிலிருந்து காற்று இழுக்கப்படுகிறது. முற்பகல் கழிந்துவிட்டால், திரும்பி வருகிறவருக்கு அது புழுதியோடு கூடிய எதிர்க்காற்று. அவர்கள் சொன்னபடி வழியிலுள்ள மார்பா கிராமத்தில் இரவு தங்கி, விடியற்காலையில் கிளம்பி, 108 திவ்ய தேசங்களில் ஒன்றாகிய முக்திநாத் தலத்தில் 108 நீர்த்தாரைகளிலும் நனைந்து, காற்று வலுக்கும் முன்பே இறங்கிவிட்டோம். அந்த யோசனை கிடைக்காதிருந்தால், கைப்பிடி நிலைகொள்ளாத அந்தச் சரளைப் பாதையில் யாரேனும் விழுந்திருக்கக்கூடும் என்றே நம்புகிறேன்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சேலத்தின் வழியாகவே போகிறது. வடநாட்டு ரைடர்களும் அயல்நாட்டவரும் தொப்பூர் கணவாயில் இறங்கிக் கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி வழியாகத் தெற்கே போய்க்கொண்டே இருக்கிறார்கள். தொப்பூர் இறக்கம் எத்தனை விபத்துகளைக் கண்ட இடம் என்பது நமக்குத் தெரியும்; முதன்முறையாக வருகிறவருக்குத் தெரியாது. ஏற்காட்டுக்கு ஏற விரும்புகிறவருக்கு, மழைக்காலத்தில் பிரதான பாதையில் மண் சரிந்தால் குப்பனூர் வழி ஒன்று உண்டு என்பதும் தெரியாது. இதைச் சொல்ல இன்று நம்மிடம் ஓர் ஏற்பாடும் இல்லை.

ஆகவே செயற்குழு பின்வரும் தீர்மானத்தைப் பேரவையின் முன் வைக்கிறது. சங்கத்துக்கென ஒரு தொலைபேசி எண் நிறுவி, உறுப்பினர்கள் முறைவைத்து அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். இரவிலும் விடுமுறையிலும் வரச் சம்மதிக்கும் மெக்கானிக்குகளின் பட்டியல் தயாராக வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி, நாமக்கல், கரூர் ரைடர்களோடு பேசி, வருகிறவரை ஊர்விட்டு ஊர் ஒப்படைக்கும் தொடரை அமைக்க வேண்டும். அறிமுகமில்லாதவரை வீட்டில் தங்க வைப்பதில் சில உறுப்பினர்களுக்குத் தயக்கம் உண்டு, அது நியாயமானது. தங்க வைப்பது அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது என்றும், வழி சொல்வதும் வண்டி பார்ப்பதும் சங்கத்தின் பொறுப்பு என்றும் தீர்மானத்தில் தெளிவாகப் பிரித்தே எழுதியிருக்கிறோம்.

புட்வல், தான்சேன், பொக்காரா நண்பர்களுக்குச் சங்கத்தின் பெயரால் நன்றிக் கடிதம் அனுப்பவும், அவர்கள் தென்னிந்தியப் பயணம் வர முறைப்படி அழைப்பு விடுக்கவும் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்