கல் அரிக்கும் வேலை

நாகர்கோவில்,
ஜூன் 2025

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் மிகவும் சோர்ந்திருந்தது. ஸ்டுட்கார்ட்டில் உங்கள் ஆலையில் ஒரு பிரிவே நின்றுவிட்டது, கொள்முதலில் இருப்பதால் எல்லோரும் உன்னைத்தான் கேட்கிறார்கள் என்றாய். சீனாவிலிருந்து வராமல் போனது விரல் நீளம்கூட இல்லாத ஒரு காந்தம். “இதை வேறு யாராலும் செய்ய முடியாதா அம்மா?” என்று கேட்டாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை.

மறுநாள் உன் பழைய கணினியின் ஹார்டு டிஸ்க்கைத் திருப்புளியால் திறந்தேன். உள்ளே பிறை வடிவில் நியோடிமியம் காந்தங்கள். ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் பஸ் ஏறினேன். மணலில் வைத்ததும் கருமணல் மயிர்க்கால் போலச் சிலிர்த்து ஒட்டிக்கொண்டது. உதறினேன், விடவில்லை. அந்தக் கருமணலோடு கலந்து கிடக்கும் மஞ்சள் பழுப்புத் துகள்தான் மோனசைட். நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. 1909இல் இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து அதைக் கண்டுபிடித்தவர் ஒரு ஜெர்மானிய வேதியியலாளர். நீ இருக்கும் நாட்டுக்காரர்தான்.

மண் நம்மிடமும் இருக்கிறது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறது. சிக்கல் அதைப் பிரிப்பதில்தான். வகுப்பில் தனிம வரிசை அட்டவணைக்குக் கீழே லாந்தனைடு வரிசையை வரைந்துவிட்டு, “இதில் கேள்வி வராது” என்று எத்தனை ஆண்டுகள் தாண்டிப் போயிருக்கிறேன்! அது இன்று மனத்தை உறுத்துகிறது. அந்தப் பதினைந்தும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போல. மின்னூட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரி, அளவில் மயிரிழை வித்தியாசம்.

உன் பாட்டி இரண்டு சட்டி வைத்துக் கல் அரிப்பாளே, நினைவிருக்கிறதா? தண்ணீரோடு அரிசியை ஆட்டி ஆட்டி மறு சட்டிக்கு ஊற்ற, கல் அடியில் தங்கும். ஒரே ஊற்றில் தீராது. நியோடிமியத்தைப் பிரிப்பதும் அதுபோலத்தான். அமிலக் கரைசலையும் எண்ணெய்க் கரைப்பானையும் கலக்கி, படியவிட்டு, அடுத்த தொட்டிக்கு மாற்ற வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கான தொட்டிகள்.

அந்த வேலைக்கு வாழ்க்கையைக் கொடுத்தவர் பீகிங் பல்கலைக்கழகத்தின் சூ குவாங்சியான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று 1951இல் நாடு திரும்பியவர். அந்நாளில் சீனா தாதுவை மலிவாக விற்று, பிரித்த பொருளைப் பெரும் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தது. 1972இல் இந்தப் பணி அவரிடம் வந்தது. எத்தனை தொட்டி, எவ்வளவு அமிலம் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுவிடும் கோட்பாட்டை உருவாக்கினார். அதைப் பூட்டி வைத்துக்கொள்ளாமல் ஆலைகளிலிருந்து வந்தவர்களுக்கும் வகுப்பெடுத்தார். ஒரு ஆசிரியையாக அந்த மனிதரை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது.

மற்றவர்களோ பின்னாளில் கையைக் கழுவிக்கொண்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் தன் காந்த நிறுவனத்தை 1995இல் விற்றது. வாங்கிய குழுவில் சீன நிறுவனங்களும் இருந்தன. பிறகு உற்பத்தி சீனாவுக்கே போய்விட்டது. கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் அருமண் சுரங்கம் 2002இல் மூடப்பட்டது. இன்று உலகின் அருமண் சுத்திகரிப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் சீனாவின் கையில்.

2010இல் ஜப்பானும் சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுகள் அருகே சீன மீன்பிடிப் படகும் ஜப்பானியக் காவல் படகுகளும் மோதியபோது, சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன அருமண் சரக்கு நின்றது. அதுதான் முதல் எச்சரிக்கை. இந்த ஏப்ரலில் அமெரிக்கா வரி உயர்வை அறிவித்த இரண்டே நாளில், 4ஆம் தேதி, டிஸ்புரோசியம், டெர்பியம் உட்பட ஏழு தனிமங்களுக்கும் அவற்றைக் கொண்ட காந்தங்களுக்கும் உரிமம் இல்லாமல் ஏற்றுமதி இல்லை என்று சீனா அறிவித்தது. சூட்டில் காந்தம் வலுவிழக்காமல் காப்பது டிஸ்புரோசியம். பெரும்பாலான மின்சாரக் கார் மோட்டார்களுக்கும் போர் விமானங்களுக்கும் அது வேண்டும். சிகாகோவில் ஃபோர்டு ஆலை ஒரு வாரம் நின்றது. ஜப்பானில் சுசூகி ஸ்விஃப்ட் உற்பத்தி நின்றது. குண்டு ஒன்றும் வெடிக்கவில்லை. அலுவலகத்தில் ஒரு காகிதத்தில் கையெழுத்து விழவில்லை, அவ்வளவுதான்.

சீனாவும் இதைச் சும்மா அடையவில்லை மகளே. உள் மங்கோலியாவில் பாவ்டோ நகருக்கு வெளியே கழிவுச் சேறு ஏரியாகத் தேங்கிக் கிடக்கிறது. சுற்றியிருந்த ஊர்களில் பயிர் பட்டுப்போனது, சனம் வீட்டை விட்டுப் போனது. வெள்ளைக்கார நாடுகள் சுரங்கத்தை மூடியபோது அந்த அழுக்கும் சேர்ந்துதான் அங்கே போயிற்று. மோனசைட்டில் கதிர்வீச்சு உள்ள தோரியம் இருக்கிறது. கிள்ளியூர்ப் பக்கம் மணல் அள்ளக் கூடாது என்று நம் மீனவர்கள் எதிர்ப்பதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வேறு இடத்திலிருந்து வாங்க வழி தேடச் சொல்லியிருக்கிறார்கள் என்றாயே. தேடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. விலையையும் நாளையும் கேட்கும்போது, கழிவை எங்கே கொட்டுகிறார்கள், பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் கேள். எழுத்தில் வாங்கு. உன் நாற்காலியிலிருந்து கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

உரிம விண்ணப்பத்தில் மோட்டாரின் படமும், யாருக்கு விற்கிறீர்கள் என்ற விவரமும் கேட்டார்கள் என்றாய். வேறு என்னென்ன கேட்டார்கள் என்று விவரமாக எழுது. மாப்பிள்ளையிடம் இரவில் நேரத்தோடு சாப்பிடச் சொல். காந்தத்தில் ஒட்டிய மணலை இன்னும் துடைக்கவில்லை. நீ வந்து பார்க்க வேண்டும் என்று மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா