பணிநிறைவு விழாவுக்கு வராதவள் எழுதுவது

அக்கா,

மே 31 மறுபடியும் வந்து போய்விட்டது. நாம் இருவரும் பாடம் நடத்திய பள்ளியில் நடந்த உங்கள் பணிநிறைவு விழாவுக்கு நான் ஏன் வரவில்லை என்று ஒரு வருஷமாக நீங்களும் கேட்கவில்லை. பொன்னாடை போர்த்தி, "பிள்ளைகளிடம் அன்பாகப் பழகுவார்" என்று ஒரே வரியில் உங்களை முடித்துவிடுவார்கள். அதற்குக் கைதட்ட எனக்கு மனசு வரவில்லை. மன்னித்துவிடுங்கள். வந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

அந்த மூன்றாம் வகுப்புப் பையனைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பெயர் வேண்டாம், ஊர்க்காரர்களும் படிப்பார்கள். இரண்டு நாள் வராமல் இருந்துவிட்டு வாசலிலேயே நின்றான். "ஏன்டா வரல?" என்றேன். தலை குனிந்தான். நீங்கள் அவனைப் பாயில் பக்கத்தில் உட்காரவைத்து, "ஆடு குட்டி போட்டுச்சாமே, கிடாயா பெட்டையா?" என்றீர்கள். அவ்வளவுதான், கொட்டித் தீர்த்துவிட்டான். அவன் சொல்லச் சொல்ல, சுவரோரக் கரும்பலகையில் அவனுக்கென்று ஒதுக்கிய கட்டத்திலேயே எழுதினீர்கள். அதுவரை 'பட்டம்' மாதிரி எளிய சொல்லைத் தாண்டாதவன், 'சீம்பால்' என்று தடங்கலில்லாமல் வாசித்தான். அவன் வாயிலிருந்து வந்த சொல் அல்லவா!

பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் 2007-08இல் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது நாம் எல்லோரும்தான் தரையில் உட்கார்ந்தோம். பலர் அட்டையை எடுத்துக் கொடுத்ததோடு சரி. நீங்கள் பேசினீர்கள்.

ஆனால் அந்த நேரம் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? எமிஸ் என்ற பள்ளி விவர இணையதளப் பதிவு, உதவித்தொகைப் பட்டியல், ஆதார் விவரம், கைபேசியில் ஏற்றும் வேலை எல்லாம் என் தலையில். "இன்னைக்கு நீ போய் உட்காரு, இதை நான் பார்க்கிறேன்" என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் இன்றைக்கும் உங்களைத்தான் கேட்கிறார்கள்.

துறையைப் பற்றி இங்கே அதிகம் எழுத முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பிள்ளை பயமில்லாமல் தன் கருத்தைச் சொல்ல உதவ வேண்டும் என்கிறது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதும் அதே சட்டம்தான். இருவரில் ஒருவர் கைபேசியில் குனிந்தே கிடந்தால் அந்தப் பிரிவை யார் நிறைவேற்றுவது? இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

புது டீச்சரிடம் பேசி முடிவு செய்துவிட்டேன். பதிவு வேலை வாரம் மாற்றி வாரம். என் முறை இல்லாத வாரம், வருகைப் பதிவு முடிந்ததும் கைபேசி பீரோவுக்குள். நாமும் இப்படிச் செய்திருக்கலாம் அக்கா.

வடக்கிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி இரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். தமிழ் புரிகிறது, வாய் திறப்பதில்லை. நீங்களாக இருந்தால் அவளிடம் முதலில் என்ன கேட்பீர்கள்? இதற்காவது பதில் போடுங்கள்.