பெடலுக்கு 2 அங்குலம்

கணபதி,
கோயம்புத்தூர்.

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆக்சிலரேட்டர் பெடலின் முகத்தில் ஓர் அலுமினியக் கட்டை வைக்க வேண்டும், 2 அங்குலம் கனம், நம் பட்டறையில் செய்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாய். படத்தின் ஓரத்தில் ஒரு கால் தெரிகிறது. இரண்டாவது விரலில் மெட்டி. அந்த மெட்டியை வாங்கியவன் நான்தான், கண்ணு. நீங்கள் விமான எரிபொருள் கலனில் கட்டிய அந்த டேங்க் பந்தய வண்டியை ஓட்டுகிறவர் ஆறடிக்கு மேல் உயரம் என்று போன அக்டோபரில் நீதான் சொன்னாய். அவருக்குக் கட்டை எதற்கு?

ஆக, இந்த முறை ஓட்டப்போவது நீ. அம்மாவிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை.

கோபம் இல்லை. இரண்டு இரவு தூக்கம் வரவில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் எழுந்து திண்ணையில் உட்கார்ந்தபோது, கலிஃபோர்னியாவில் வேகப் பந்தய வண்டிகள் ஓடும் அந்த வறண்ட எல் மிராஜ் ஏரிதான் கண்முன் வந்து நின்றது. அன்று உன்னோடு வந்த ஒரு நாள் என்னை எவ்வளவு ஆட்டிவைத்தது என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை. திரும்பி வந்த பிறகு, நீ பெட்டியில் வைத்து அனுப்பிய புத்தகங்களை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன்.

இருட்டோடு கிளம்பி மொஹாவி பாலைவனத்துக்குள் இறங்கினோமே, சூரியன் வரும்போது அந்தத் தரையில் கால் வைத்தேன். ஏரி என்று நீ சொன்னபோது நம் ஊர்க் குளம் கோடையில் வற்றினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் நினைத்திருந்தேன். அங்கே பாளம் பாளமாகப் பிளந்த மண் இல்லை. மெல்லிய ரேகைகள் ஓடிய, சாணம் மெழுகிக் காயவைத்த களம் போன்ற தரை, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. குளிர்கால மழையில் விரற்கடை அளவு தண்ணீர் தேங்குகிறது, காற்று அதை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தள்ளித் தள்ளி நுண்ணிய களிமண்ணைப் பரப்புகிறது, பிறகு வெயில் சுட்டுக் கெட்டியாக்குகிறது. இரும்பை மட்டமாகத் தேய்க்கும் சர்ஃபேஸ் கிரைண்டரில் ஆயுளைக் கழித்தவன் நான். மனிதக் கை படாமல் அவ்வளவு பெரிய மட்டம் அமையும் என்று நேரில் பார்க்காமல் நம்பியிருக்க மாட்டேன்.

அன்று வண்டிகள் சீறிக்கொண்டு போனதைவிட என் மனதில் நிற்பது ஒரு கிழவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். ஓட்டத்துக்கு முன்னால் வண்டிகளைப் பரிசோதிக்கும் இடத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, கூரையில்லாத ஒரு பழைய ரோட்ஸ்டர் காரின் ஸ்டியரிங் இணைப்புகளை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. நட்டு கழன்றுவிடாமல் அதன் குறுக்கே இருக்க வேண்டிய காட்டர் பின் இல்லை. தலையை மட்டும் ஆட்டினார். அந்த வண்டியைக் கட்டிய பையன் ஒரு வார்த்தை வாதாடவில்லை. வண்டியை வரிசையிலிருந்து தள்ளிக்கொண்டு போனான். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வந்து நின்றான். கிழவர் மறுபடி முழங்கால் போட்டார், முதலிலிருந்து தொடங்கினார். பட்டறையில் முப்பத்தெட்டு வருடம் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பாடுபட்டது அதைத்தான்.

அந்த ஒழுங்கு அவர்களுக்கும் சும்மா வந்துவிடவில்லை. ஆரம்பத்தில் அதே பாலைவனத்தின் முரோக் என்ற வறண்ட ஏரியில் ஐந்தாறு வண்டிகள் பக்கம் பக்கமாக ஒரே நேரத்தில் பாய்வார்களாம். முன்னால் போகிறவனுக்கு மட்டும்தான் வழி தெரியும். பின்னால் வருகிறவர்கள் புழுதிக்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிற கதைதான். அடிபட்டும் உயிரை விட்டும் பாடம் படித்த பந்தய மன்றங்கள் 1937-ல் ஒன்றுசேர்ந்து சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷனைத் தொடங்கின. ஒரு நேரத்தில் ஒரு வண்டி, அதற்கு ஒரு கடிகாரம் என்பது பின்னர் வழக்கமானது. அரசாங்கம் வந்து போட்ட சட்டம் இல்லை, ஓட்டுகிறவர்களே தங்களுக்குப் போட்டுக்கொண்ட கட்டு.

போர் வந்ததும் முரோக் முழுவதும் ராணுவத்தின் கைக்குப் போய்விட்டது. ஒலியின் வேகத்தை 1947 அக்டோபரில் விமானி யேகர் தாண்டியது அந்த ஏரிக்கு மேலேதான். போர் முடிந்து திரும்பிய பையன்களுக்கு எல் மிராஜ்தான் முக்கியக் களமானது. விமான இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டிப் பழகிய கைகள் அவை. பையில் சேமித்த சம்பளம் கொஞ்சம், பழைய இரும்புக் கடைகளில் ஃபோர்டு வண்டிகள் நிறைய.

அந்த ஃபோர்டு இன்ஜினைப் பற்றி உன்னிடம் பேசியே ஆக வேண்டும். 1932-ல் வந்த வி-8. எட்டு சிலிண்டர்களும் கிராங்க் அறையும் சேர்ந்து ஒரே வார்ப்பு. நம் ஊர் வார்ப்படச் சாலைகளில் மோட்டார் பம்பு வார்ப்பில் உள்ளே வைக்கும் மணல் அச்சு, அந்தக் கோர், நகர்ந்து எத்தனை உருப்படிகளைத் தள்ளுபடி செய்திருக்கிறோம் என்று உனக்குத் தெரியும். 1932-ல் அதை லட்சக்கணக்கில் வார்க்கத் துணிந்தார்கள் என்பதை நினைத்தாலே எனக்கு மெய்சிலிர்க்கிறது. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். வால்வுகள் எல்லாம் பிளாக்கிலேயே இருப்பதால் ஹெட் என்பது வெறும் தட்டை மூடி. கழற்றி, மில்லிங்கில் போட்டு அடியைச் சீவினால் அழுத்தம் கூடும். சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கி ரீபோர் செய்தார்கள். மெர்க்குரி வண்டியின் கிராங்கைப் போட்டு, பிஸ்டன் ஏறி இறங்கும் ஸ்ட்ரோக்கை நீட்டினார்கள். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு, மூன்று வைத்தார்கள். எட் இஸ்கென்டேரியன் கேம் ஷாஃப்டின் மூக்கை வேறு வடிவில் கிரைண்டிங் செய்து விற்றார், விக் எடல்பிராக் மேனிஃபோல்டு வார்த்தார். ஸ்டூ ஹில்பார்ன் கார்புரேட்டரையே தூக்கி எறிந்துவிட்டு எரிபொருளை நேராக இன்ஜினுக்குள் பீய்ச்சும் ஏற்பாட்டைச் செய்தார். அவருடைய வண்டி 1948-ல் மணிக்கு 150 மைலைத் தொட்டது. அதற்கு முன்னால் அதே வண்டி கவிழ்ந்து அவருக்கு முதுகெலும்பில் அடிபட்டிருந்தது.

அந்த இன்ஜினுக்கு ஒரு பிறவி நோய் உண்டு. புகை வெளியேறும் வழி பிளாக்கின் உள்ளே, தண்ணீரைச் சுடவைத்துக்கொண்டே போகிறது. ஊர்ச்சாலையில் ஏற்றம் வந்தால் கொதித்துவிடும். ஏரியில் ஓட்டம் முடிய நிமிடம்கூட ஆகாதே, அதனால் அங்கே அது செல்லப்பிள்ளையாக இருந்தது.

இனி உன் டேங்க். போர்விமானம் தூரப் பயணத்துக்காக அடியில் மாட்டிக்கொண்டு, தீர்ந்ததும் கழற்றிவிடும் எரிபொருள் கலன். காற்றில் குறைவாகத் தடுக்கப்பட வேண்டும் என்று பொறியாளர்கள் கணக்குப் போட்டு வடித்த துளி வடிவம். பில் பர்க் என்பவர் தென் பசிபிக்கில் போர்ப்பணியில் இருந்தபோது இந்தக் கலன்களைப் பார்த்து, இதற்குள் ஓர் ஆள் உட்காரலாமே, சக்கரம் வைக்கலாமே என்று நினைத்தார். ஊர் திரும்பி 1946-ல் பி-51 விமானத்தின் சிறிய கலனில் முதல் வண்டியைக் கட்டினார். அது இடம் பற்றாமல் போகவே, பி-38 விமானத்தின் பெரிய கலனை எடுத்து, ஆளை முன்னாலும் இன்ஜினைப் பின்னாலும் வைத்தார். எரிபொருள் இருந்த இடத்தில் மனிதன். இதை நினைக்கும்போது என் பேச்சே நின்றுபோகிறது, ஏனென்றால் அந்த இடத்தில் நீ.

விமானப் படையிலிருந்து வந்த அலெக்ஸ் சைடியாஸ் 1946-ல் பர்பாங்கில் சிறியதாக ஒரு கடை போட்டார். அவரும் டீன் பேச்சலரும் சேர்ந்து கட்டிய வண்டி 1949-ல் யூட்டா மாநிலத்தின் பானவில் உப்புத்தரையில் நடந்த முதல் ஸ்பீடு வீக்கில் மணிக்கு 193 மைல் போனது. அதாவது 310 கிலோமீட்டர். எல் மிராஜின் நீளம் பற்றாமல்தான் யூட்டா வரை போனார்கள். உப்பைப் பற்றி இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன். நீ ஓடப்போவது களிமண்ணில், அதுவும் 1.3 மைல் நீளத்தில்.

பெண் என்பதால் அப்பா பயப்படுகிறார் என்று மட்டும் நினைத்துவிடாதே. நீ கொடுத்த புத்தகத்தில் வீடா ஆர் அம்மையாரின் படத்தைப் பார்த்தேன். அந்தச் சங்கத்தில் ஓட்டிய முதல் பெண். போர் நடந்த ஆண்டுகளில், ஏரிப் பையன்கள் உலகத்தின் நாலாபக்கமும் சிதறிக் கிடந்தபோது, யார் எங்கே இருக்கிறான் என்ற செய்திகளைத் தொகுத்து அச்சிட்டு அவர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். திரும்பி வந்தவர்கள் மறுபடி ஒன்றுகூடினார்கள் என்றால் அந்தத் தாளுக்கும் அதில் பங்கு உண்டு. அவரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

பயத்துக்குக் காரணம் வேறொரு பெண். ஜெஸ்ஸி கோம்ஸ். வெல்டிங் தெரிந்தவர், தன் கையால் வண்டி கட்டத் தெரிந்தவர். 2019 ஆகஸ்டில் ஓரிகன் மாநிலத்தின் ஆல்வர்டு வறண்ட ஏரியில் ஜெட் வண்டியில் போனார். முன்சக்கரம் செயலிழந்தது. 39 வயதில் தங்கள் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு, மறு ஆண்டு மணிக்கு 522.783 மைல் என்ற உலக சாதனைச் சான்று வந்தது. உன் வண்டியின் வேகம் அதில் பாதிகூட வராது என்று சொல்வாய். எனக்குத் தெரியும். இருந்தாலும் உன்னைப் போலவே பட்டறையில் கிடந்த பெண் என்பதால், அவர் முகம் என்னை விடவில்லை.

என் இடது கை மோதிர விரலைப் பிடித்துக்கொண்டுதான் நீ நடை பழகினாய். நுனி இல்லாததால் உன் கைக்கு அதுதான் வாகாக இருந்தது. அந்த நுனி எப்படிப் போனது என்று கேட்டபோதெல்லாம் எலி தின்றுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். எனக்குப் பத்தொன்பது வயது, வேலை பழகிய பட்டறை. மாலைக்குள் முடிக்க வேண்டிய உருப்படிகள் குவிந்திருந்தன. லேத்தில் உருப்படியைப் பிடித்திருக்கும் சக் சுற்றிக்கொண்டிருக்கும்போதே காட்டன் வேஸ்டால் பிசிறைத் துடைத்தேன். நிறுத்தித் துடைக்க அரை நிமிடம் ஆகியிருக்கும். துடைப்பதற்கு ஒரு நொடி முன்னால் மனதுக்குள் ஒரு குரல் ‘வேண்டாம்’ என்றது, கயல். நான் அதைக் கேட்டேன். கேட்டும் கையை நீட்டினேன்.

அதனால்தான் கேட்கிறேன். வரிசையில் நின்று, பின்னால் தள்ளிவிடும் லாரி வந்து முட்டி நிற்கும்போது அப்படி ஒரு குரல் கேட்டால் கையைத் தூக்கிவிட்டு இறங்கிவிடு. ஆறு மாதம் வேலை செய்த பத்துப் பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்க்கட்டும். அந்தப் பையன் ரோட்ஸ்டரைத் தள்ளிக்கொண்டு போனானே, அவனை யாரும் இளப்பமாகப் பார்க்கவில்லை. நானும் அங்கேதானே நின்றேன்.

எரிபொருளாக மெத்தனால் ஊற்றுவதாக இருந்தால், அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பதை உன் கூட்டாளிகள் எல்லோரும் அறிந்திருக்கிறார்களா என்று கேள். தீயணைப்பானின் பொத்தான் உன் கைக்கு எட்டுகிறதா என்றும் பார். ஆறடி ஆளுக்குப் பொருத்தி வைத்தது பெடல் மட்டும் இல்லை.

அம்மாவிடம் நீயே பேசு. வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய்வந்த பிறகு மாலையில் கூப்பிடு, அப்போதுதான் அவள் நிதானமாக இருப்பாள். நான் பக்கத்தில் இருப்பேன்.

கட்டையைப் பற்றி. பெடலின் முகத்தில் 2 அங்குலம் ஒட்டவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நழுவிப் பக்கத்தில் சிக்கினால் ஆக்சிலரேட்டர் திறந்தபடியே நின்றுவிடும். பெடலின் அச்சையே பின்னுக்கு நகர்த்த இடம் இருக்கிறதா என்று முதலில் பார். இல்லையென்றால் பின்பக்கத்திலிருந்து இரண்டு போல்ட், லாக் நட்டோடு. ஓரங்களை உருட்டி, முகத்தில் பிடிமானத்துக்குக் குறுக்குக் கோடு வெட்டி நானே மில்லிங்கில் செய்து தருகிறேன், பையன்களிடம் விடமாட்டேன். வந்து சேர்ந்ததும் பரிசோதிக்கும் அந்தப் பெரியவரிடம் காட்டு. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

படத்தில் வெறுங்காலோடு அளந்திருக்கிறாய். ஓட்டும்போது போடும் தீத்தடுப்புக் காலணியைப் போட்டுக்கொண்டு, தலைக்கவசத்தோடு, பெல்ட்டுகளை ஓட்டத்தில் இறுக்குவது போலவே இறுக்கி உட்கார்ந்து, மறுபடி அளந்து எழுது. இருக்கைக்குள் நீ எவ்வளவு அமுங்குகிறாய் என்பது அப்போதுதான் தெரியும். அங்குலமா மில்லிமீட்டரா என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடு.

அன்புடன்,
அப்பா