துனீசிய நோட்டும் துணி சோப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய வெளிநாட்டு நோட்டுகள் லட்சக்கணக்கில் விலை போகும் என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதாலும், நோட்டு சேகரிப்பவன் என்று கும்பகோணம் வட்டாரத்தில் சிலருக்குத் தெரியும் என்பதாலும், அக்கட்டுரை வந்த நாளிலிருந்து நாகூர், மன்னார்குடி, காரைக்கால் என்று பல ஊர்களிலிருந்தும் உறைகளோடு ஆட்கள் என் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றே: "எவ்வளவு தேறும்?"

அவர்களுள் காரைக்காலிலிருந்து வந்த ஒரு குடும்பத்தாரின் நோட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அவ்வீட்டுப் பெரியவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். பாஸ்பேட் ஏற்றுவதற்காக வட ஆப்பிரிக்க நாடான துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது கையில் மிஞ்சிய ஒரு தினார் நோட்டை ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறார். தினாரை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் துனீசியச் சட்டம் இடம் தருவதில்லை. சட்டைப் பையில் தெரியாமல் தங்கிவிட்ட நோட்டு என்று வைத்துக்கொள்வோம். துனீசியாவின் முதல் அதிபர் ஹபீப் புர்கிபாவின் உருவம் அச்சிடப்பட்ட அந்த நோட்டு பல ஆண்டுகள் பூஜை அலமாரியில் இருந்திருக்கிறது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதன் ஓரத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். தங்கள் கட்டுரையைப் படித்த பிறகு, விற்பதென்றால் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அதைத் துணி சோப்புத்தூளில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு, கிழிந்திருந்த மூலையில் செல்லோ டேப்பும் ஒட்டி என்னிடம் கொண்டுவந்தார்கள். வாங்கிப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை.

அந்த நோட்டில் 3-8-1972 என்று நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. அச்சடித்த நாள் அதுவாக்கும் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். உண்மையில் ஆகஸ்ட் 3 புர்கிபாவின் பிறந்தநாள். 1956 மார்ச் 20 அன்று பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற துனீசியா, 1958-இல் தனக்கென ஒரு மத்திய வங்கியை நிறுவி, ஆயிரம் பிராங்குக்கு ஒரு தினார் என்ற கணக்கில் புதிய நாணயத்தைக் கொண்டுவந்தது. ஒரு தினாருக்கு ஆயிரம் மில்லீம். பின்னர் வந்த நோட்டுகளில் அச்சாகும் நாளை அரசியலே தேர்ந்தெடுத்தது. 1965-ஆம் ஆண்டு நோட்டுகளில் காணப்படும் ஜூன் 1, புர்கிபா 1955-இல் தாயகம் திரும்பிய நாள். 1973, 1980 ஆகிய ஆண்டுகளின் நோட்டுகளில் உள்ள அக்டோபர் 15, பிஸெர்த் கடற்படைத் தளத்தை விட்டுப் பிரெஞ்சுப் படை 1963-இல் வெளியேறிய நாள். நவம்பர் 1-ஐ விடுதலை நாளாகக் கொண்டாடும் காரைக்கால்காரர்களுக்கு இந்த உணர்வைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 1987 நவம்பர் 7 அன்று புர்கிபாவை அகற்றிவிட்டுப் பென் அலி ஆட்சிக்கு வந்த பிறகு, 1990-களின் நோட்டுகளில் அந்த நவம்பர் 7 ஏறிக்கொண்டது. புர்கிபாவின் முகம் இருந்த இடத்தில் பழங்காலக் கார்த்தேஜின் படைத்தலைவன் ஹன்னிபாலும் வரலாற்றறிஞர் இப்னு கல்தூனும் வந்து அமர்ந்தார்கள். 2011-இல் மக்கள் எழுச்சி பென் அலியை விரட்டியதும் நவம்பர் 7 போய், விடுதலை நாளான மார்ச் 20 வந்தது. சேகரிப்பவனுக்கு இந்த நோட்டுகள் தரும் பெரிய இன்பம் இதுதான் என்பேன். வரிசையாக அடுக்கி வைத்தால் நாள்களை மட்டும் வாசித்தே ஒரு நாட்டின் அரை நூற்றாண்டு அரசியலைச் சொல்லிவிடலாம். கட்டுரையாளர் இதில் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

இனி விலைக்கு வருகிறேன். கைபேசியில் இன்றைய தினார் மதிப்பைப் பார்த்துக் கணக்குப் போடுவதில் பயனில்லை. புர்கிபா உருவம் கொண்ட நோட்டுகள் அங்கே புழக்கத்தை விட்டு எப்போதோ போய்விட்டன. அவற்றுக்குச் சேகரிப்பாளர் தரும் விலைதான் விலை. அந்த விலையைப் பழமை தீர்மானிப்பதில்லை; எத்தனை நோட்டுகள் எஞ்சியுள்ளன, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. 1972-ஆம் ஆண்டின் ஒரு தினார் அப்படியொன்றும் அரிய நோட்டு அன்று. புழங்கி நிறைய மடிப்புகள் விழுந்தது என்றால், என் அனுபவத்தில், சில நூறு ரூபாய்க்கு மேல் யாரும் கொடுத்துப் பார்த்ததில்லை. அதே நோட்டு ஒரு மடிப்பும் இல்லாமல், மூலை மழுங்காமல், வங்கிக் கட்டிலிருந்து உருவியதுபோல் இருந்தால் விலை பல மடங்கு ஏறும். உலகச் சந்தையில் தர நிர்ணய நிறுவனங்கள் எழுபது புள்ளி அளவுகோலில் நோட்டுகளைத் தரம் பிரிக்கின்றன. நடுவில் விழுந்த ஒரே ஒரு மடிப்பு போதும், புழங்காத நோட்டு என்ற தகுதி போய்விடும். தங்கள் கட்டுரையில் காட்டப்பட்ட தொகைகள் விற்றவர் பெற்ற விலையா, விற்க நினைப்பவர் கேட்கும் விலையா என்பது சொல்லப்படவில்லை. கேட்பதற்கு என்ன, யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். ஏலத்தில் முடிந்த விலையே மதிப்பு.

நம் பகுதியில் இந்தத் தவறு அடிக்கடி நேர்வதற்குக் காரணம் இருப்பதாக நினைக்கிறேன். பித்தளையும் செம்பும் புளி போட்டுத் துலக்கிப் பழகிய கைகள் நம்முடையவை. வயலில் கிடைத்த ராஜராஜன் காசைக்கூட அப்படித் துலக்கிக் கொண்டுவந்து காட்டுவார்கள். காசைத் துலக்குவதும் தவறுதான் என்றாலும் உலோகம் ஓரளவு தாங்கும், காகிதம் தாங்காது. சோப்புத்தூளில் உள்ள வெண்மையூட்டும் பொருள் இழைகளுக்குள் தங்கிவிடுவதால், கழுவிய நோட்டு புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். நல்ல நோட்டுக் காகிதம் மங்கலாகவே தெரியும். ஆகவே உண்மையான நோட்டையே கள்ள நோட்டோ என்று வாங்குபவர் ஐயுறும் நிலை வந்துவிடுகிறது. இஸ்திரிப் பெட்டி, விரலால் தடவினால் தட்டுப்படும் அச்சின் மேடுகளை நசுக்கிவிடும். செல்லோ டேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கும். லேமினேஷன் செய்துவிட்டால் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கிழிந்திருந்தால் கிழிந்தபடியே, அழுக்காக இருந்தால் அழுக்காகவே, பி.வி.சி. அல்லாத பாலியஸ்டர் உறையில் வைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் வீட்டுச் சுவர்கள் ஈரம் கோக்கும்; ஆகவே சுவரோடு ஒட்டிய அலமாரி வேண்டாம், காகிதத்தை அரிக்கும் இராமபாணப் பூச்சி வருகிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கவும் வேண்டும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. காரைக்கால் குடும்பத்தாருக்கு ஒருவர் தொலைபேசியில் பேசி, நோட்டுக்குப் பெருந்தொகை தருவதாகவும் அதற்கு முன்பணமாக வரி கட்ட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். பழைய நோட்டு, நாணய விற்பனையில் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமோ தரகோ வரியோ கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. லட்சங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த எச்சரிக்கைக்கு ஒரு பெட்டிச் செய்தி அளவு இடம் கொடுத்திருக்கலாம்.

அந்த நோட்டை நான் விலை பேசவில்லை. டேப்பை உரிக்கலாமா, குங்குமக் கறையை எடுக்க வேறு வழி உண்டா என்று கேட்டார்கள். இனி எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லி, என்னிடமிருந்த உறை ஒன்றில் போட்டுக் கொடுத்தேன். பெரியவர் எந்தக் கப்பலில், எந்த ஆண்டு ஸ்ஃபாக்ஸுக்குப் போனார் என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வைக்கச் சொன்னபோது, அந்த வீட்டில் அது யாருக்கும் தெரியவில்லை. ஊர் திரும்பியதும் அவருடைய பழைய கப்பல் சான்றிதழ்களைத் தேடிப் பார்ப்பதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்கள்.

இக்கடிதத்தை அதே ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர் ஒருவர்,
கும்பகோணம்.