அண்ணனுக்கு: அந்த நேர்ச்சாலையில் நான் விழுங்கிய ஒரு சொல்

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பாவின் முதலாண்டுத் திதி அடுத்த வெள்ளிக்கிழமை. அதற்காக அவருடைய அலமாரியை ஒழித்தபோது கிடைத்த ஒரு பொருள்தான் என்னை எழுத வைத்தது. அதற்கு முன் நான் சொல்லியாக வேண்டியது ஒன்று இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் நாம் மூவரும் போன அந்தப் பயணத்தில், பலடோனியா என்ற ஊரைத் தாண்டியதும், 146.6 கிலோமீட்டருக்கு வளைவே இல்லாத அந்தச் சாலை தொடங்கும் பலகையருகே வண்டியை நிறுத்திச் சாவியை அப்பாவிடம் நீட்டினீர்கள். அவர் கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, கோயிலில் விபூதி வாங்குவதுபோல் வலக்கையின் கீழ் இடக்கையை வைத்து வாங்கினார். நான்தான் தடுத்தேன். "வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றேன். "ஒரு வளைவுகூட இல்லாத ரோட்டுல கூடவா என்னை நம்ப மாட்டே?" என்று கேட்டுவிட்டு, சாவியை உங்களிடமே கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார்.

இரவில் ஓட்ட வேண்டாம் என்றுதான் மருத்துவர் சொன்னார், அண்ணா. அப்போது காலை பத்து மணி. 'இரவில்' என்ற சொல்லை நான் விழுங்கிவிட்டேன்.

எனக்குப் பயமாக இருந்தது. தொலைதூர ஊர்களுக்கு விமானத்தில் வந்து சிகிச்சை தரும் 'பறக்கும் மருத்துவர்' சேவையின் விமானம் இறங்குவதற்கென்று நெடுஞ்சாலையிலேயே ஓடுபாதைக் கோடுகள் போட்டிருப்பார்கள் என்று முதல் நாள் நீங்கள்தான் பெருமையாகச் சொன்னீர்கள். அத்தகைய இடத்தில் அவருக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வோம் என்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை அவர் கண்ணைத் தின்றுகொண்டிருந்ததை மாதந்தோறும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். பெர்த்திலிருந்து தொலைபேசியில் நலம் விசாரிப்பவருக்குச் சாவியை நீட்டுவது எளிது. அத்தை வீட்டாரும் இதைப் படிப்பார்கள் என்பதால், மருத்துவமனைச் செலவைப் பற்றி நாம் பேசியதை இங்கே எழுதவில்லை.

ஆனால் அவருடைய கால்களை நீங்கள் பார்க்கவில்லை. முன்னால் பெரிய லாரித்தொடர் வரும்போதெல்லாம் அவரது வலது கால் தரைவிரிப்பை அழுத்தியது. இடக்கை தொடைமேல் கியர் மாற்றியது. 1985இல் பினாங்குப் பாலம் திறப்பதற்கு முன்பே, ஃபெரியில் லாரியை ஏற்றி இறக்கியே நம்மைப் படிக்க வைத்தவர் அவர். நேர்ச்சாலை முடியும் கைகூனா என்ற ஊரை நெருங்கி, சாலை முதன்முறையாக வளைந்தபோது, "மூணாவதுக்கு இறக்குப்பா" என்று உங்களிடம் மெதுவாகச் சொன்னார். ஆட்டோமேட்டிக் வண்டி என்று நீங்கள் சிரித்தீர்கள். அதன் பிறகு, பைட் வளைகுடாக் கடற்கரையில் திமிங்கிலத்தைப் பார்க்கும்வரை அவர் வாய் திறக்கவில்லை. என்னை மன்னித்த முகத்தோடு அவர் இருந்தார். அதுதான் இன்றும் தாங்க முடியவில்லை.

அலமாரியில் கிடைத்தது அவருடைய லைசென்ஸ். கண் மங்கியபின் இரண்டு ஆண்டுகளாகக் காலாவதியாகிக் கிடந்ததை, நாம் புறப்படுவதற்கு ஒன்பது நாள் முன்பு பட்டர்வொர்த் அஞ்சலகத்தில் புதுப்பித்திருக்கிறார். ரசீதும் அதோடு மடித்து வைக்கப்பட்டிருந்தது. அப்படியானால் அந்தச் சாலையைத் தருவதாக நீங்கள் அவரிடம் முன்பே சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை? தெரிந்திருந்தால் நான் ஒருவேளை வாயைத் திறந்திருக்க மாட்டேன். அல்லது அப்போதும் அதே பொய்யைத்தான் சொல்லியிருப்பேன்.

பணம் அனுப்ப வேண்டாம். திதிக்கு வாருங்கள். லைசென்ஸை அவர் படத்தருகே வைத்திருக்கிறேன். அது உங்களிடம் இருக்க வேண்டியது.

உங்கள் தங்கை